அமரோனே பாட்டில் இரண்டு கைக்கு வந்திருக்கின்றன: கூட என்ன சமைப்பது?

மலைச்சாரல்:

எல்லோருக்கும் வணக்கம். நான் இத்தாலியில் பதோவாவில் வேலை பார்க்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ஓய்வுபெற்ற மூத்த பொறியாளர் ஒருவர் விடைபெறும்போது இரண்டு சிவப்பு ஒயின் பாட்டில்களை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். லேபிளில் ‘அமரோனே தெல்லா வால்போலிசெல்லா கிளாசிகோ 2016’ என்று இருக்கிறது. ஆல்கஹால் 16 சதவீதம்.

வரும் சனிக்கிழமை வீட்டில் விருந்து. மூன்று இத்தாலியர்கள், மூன்று நம்மவர்கள். அவர்களில் ஒருவர் சைவம். மட்டன் சுக்காவும் பரோட்டாவும் செய்து ஒரு பாட்டிலைத் திறக்கலாம் என்பது என் திட்டம். கனமான சாப்பாட்டுக்குக் கனமான ஒயின் என்பார்களே. ‘விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுவிட்டு அப்புறம் தக்கையில் கை வையுங்கள்’ என்கிறார் மனைவி. அதனால் இங்கே வந்திருக்கிறேன்.

கரிச்சட்டி:

சுக்காவுக்குப் பீர் போதும். அந்த இரண்டு பாட்டில்களையும் எனக்கு அனுப்பிவிடுங்கள். பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன்.

வெரோனா வாசி:

கரிச்சட்டி சொன்னதில் முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மிளகாய்க் காரம் சுவையில் சேராது, அது எரிச்சல். வாயில் சூட்டை உணர்கிற உணர்விகளைத்தான் மிளகாயிலுள்ள கேப்சைசின் தூண்டுகிறது. ஆல்கஹால் அதே உணர்விகளை இன்னும் சுலபமாகத் தூண்டப்படும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். சுக்காவைத் தின்றுவிட்டு 16 சதவீத ஒயினை ஊற்றினால் வாய் பற்றி எரியும். செர்ரி, உலர்ந்த பிளம், கோகோ, புகையிலை என்று இந்த ஒயினில் இருக்கிற வாசனை எதுவும் தெரியாது. துவர்ப்பும் சாராய நெடியும்தான் மிஞ்சும்.

‘கனத்துக்குக் கனம்’ என்பதும் பாதி உண்மைதான். அமரோனேவின் கனம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால், எதைச் சமைக்கலாம் என்பது தானாகப் புரியும்.

வெரோனா நகருக்கு வடக்கே, கார்தா ஏரிக்கும் லெசீனி மலைக்கும் அருகே கிடக்கும் பள்ளத்தாக்குகள்தான் வால்போலிசெல்லா. கோர்வினா, கோர்வினோனே, ரொண்டினெல்லா என்பவை அங்கே முக்கியமான திராட்சை வகைகள். மற்ற ஊர்களில் பறித்த கையோடு பழத்தை நசுக்கிப் புளிக்க வைப்பார்கள். இங்கே நல்ல கொத்துகளைத் தனியே பொறுக்கியெடுத்து, காற்றோட்டமான மாடியறைகளில் மூன்று மூன்றரை மாதம் உலர வைக்கிறார்கள். முன்பு அடுக்கடுக்காகக் கட்டிய மூங்கில் தட்டிகள் இருந்தன. இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் பெட்டிகள். பழம் தன் எடையில் 30 முதல் 40 சதவீதம் வரை இழந்துவிடும். டிசம்பர் 1க்கு முன்னால் பிழியக் கூடாது என்று விதியே இருக்கிறது. பலரும் ஜனவரியில்தான் பிழிவார்கள். அந்தக் குளிரில் ஈஸ்ட் நிதானமாக வேலை செய்து, சர்க்கரையில் ஏறக்குறைய முழுவதையும் ஆல்கஹாலாக மாற்றி முடிக்க வாரக்கணக்கில் ஆகும்.

அங்கே நெக்ரார் என்ற ஊர்ப் பக்கம் ஒரு டிசம்பர் காலையில் அப்படிப்பட்ட மாடியறைக்குள் போயிருக்கிறேன். ஜன்னல்களை எல்லாம் திறந்து போட்டிருந்தார்கள். உள்ளே நிற்க முடியாத குளிர். காம்புகள் காய்ந்து பழுப்பேறியிருந்தன. வயதான பெண்மணி ஒருவர் சிறிய கத்தரிக்கோலோடு பெட்டி பெட்டியாகக் குனிந்து, பூஞ்சை பிடித்த பழங்களை மட்டும் நறுக்கிக் காலடியில் இருந்த வாளியில் போட்டுக்கொண்டே போனார். ஒரு பழத்தைக் கேட்டு வாங்கி வாயில் போட்டேன். தோல் எளிதில் கடிபடவில்லை. உள்ளே இருந்தது சாறு இல்லை, பாகு.

ஆக, இந்த ஒயினின் கனத்துக்குக் காரணம் துவர்ப்பு மட்டும் அன்று. செறிந்த பழம், ஆல்கஹால், நாக்கில் வழவழப்பாக உணரப்படுகிற கிளிசரால் எல்லாம் சேர்ந்தது அது. கொழுப்பும் உப்பும் உள்ள, மணிக்கணக்கில் வெந்த உணவு இதற்குப் பொருந்தும். காரம், புளி, தக்காளிப் புளிப்பு மூன்றையும் தள்ளி வையுங்கள்.

கணக்குப்பிள்ளை:

விலை ஏன் அப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. சாதாரண வால்போலிசெல்லா என்றால் 100 கிலோ திராட்சையிலிருந்து 70 லிட்டர் வரை ஒயின் எடுக்கலாம். அமரோனேவுக்கு விதிப்படி 40 லிட்டர்தான். அதற்குமேல் குறைந்தது இரண்டு ஆண்டுகள், ரிசர்வா என்று போட வேண்டுமானால் நான்கு ஆண்டுகள், கிடங்கில் கிடக்க வேண்டும். அத்தனை காலமும் முதல் முடங்கும். இத்தாலியக் கடைகளில் சுமாரான பாட்டிலே 30 யூரோ சொல்வார்கள். ஜூசெப்பே குவின்தாரெல்லி, தால் ஃபோர்னோ ரொமானோ போன்ற பெயர்கள் லேபிளில் இருந்தால் நூறுகளில் போகும். மலைச்சாரல், உங்கள் பாட்டிலில் யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பார்த்த பிறகு பரோட்டா செய்கிற எண்ணமே போய்விடலாம்.

நாவுக்கரசி:

வெரோனா வாசி சொன்ன விளக்கம் எல்லாம் சரி. வந்து சேர்ந்த இடத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. அமரோனே சாப்பாட்டோடு குடிக்கிற ஒயினே அன்று. 16 சதவீத ஒயினை ஆட்டுக்காலோடு இரண்டு கோப்பை குடித்தால் மூன்றாவது உணவு வருவதற்குள் விருந்தினர் சாய்ந்துவிடுவார்கள். நாக்கும் களைத்துவிடும்.

இத்தாலியர்களே இதைத் தியான ஒயின் வரிசையில் வைக்கிறார்கள். தட்டுகளை எல்லாம் எடுத்த பிறகு, ஆளுக்கு ஒரு சிறு அளவு. கூட ஒரு துண்டு முதிர்ந்த சீஸ். அவ்வளவுதான். வெரோனா மலைகளில் செய்கிற மொந்தே வெரோனேசே சீஸில் நன்கு முதிர்ந்த வகை கிடைத்தால் அதை விடாதீர்கள். இல்லாவிட்டால் 24 அல்லது 30 மாதம் முதிர்ந்த பார்மிஜானோ. கத்தியால் மெல்லியதாகச் சீவாதீர்கள். முனையைக் குத்தி நெம்பி, கட்டி கட்டியாக உடையுங்கள். கடிக்கும்போது வெள்ளைப் புள்ளிகள் நறநறக்கும். சீஸின் உப்பு ஒயினின் கசப்பைத் தணித்து, பழத்தை முன்னால் கொண்டுவரும்.

வெரோனா வாசி:

அக்கா, தியான ஒயின் என்ற பேச்சு எங்கள் ஊரிலும் உண்டு. ஆனால் வெரோனாக்காரர்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் மதிய விருந்துக்கு அமரோனேவைத் திறப்பது தியானம் செய்வதற்காக இல்லை. மாட்டிறைச்சியின் கடினமான பகுதியை முழுத் துண்டாக எடுத்து, அதே ஒயினில் ஊறவைத்து, மூடிய பாத்திரத்தில் மெதுவாக வேக வைக்கிற பிரசாத்தோ என்றொரு உணவு இருக்கிறது. கரண்டியால் தொட்டாலே பிரிந்துவிடும். அதோடு சோளமாவில் கிண்டிய பொலென்டா. அந்தத் தட்டின் முன்னால் மெலிந்த ஒயின் எதை வைத்தாலும் தண்ணீர்தான்.

அளவு பற்றிய உங்கள் கவலை நியாயமானது. அதற்கு வழி, கோப்பையில் குறைவாக ஊற்றுவது.

நாவுக்கரசி:

பிரசாத்தோவுக்கு ரிபாஸ்ஸோ போதுமே?

கரிச்சட்டி:

ரிபாஸ்ஸோ என்றால் என்ன? சாமானியனுக்கும் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

அமரோனே புளித்து முடிந்ததும் பாத்திரத்தின் அடியில் தோலும் விதையுமாகச் சக்கை மிஞ்சும். அதில் இன்னும் கொஞ்சம் சர்க்கரையும் நிறமும் மணமும் இருக்கும். சாதாரண வால்போலிசெல்லாவை அந்தச் சக்கையின்மேல் ஊற்றினால் மறுபடி ஒரு சுற்றுப் புளிக்கும். ஒயினுக்கு உடம்பு ஏறும். மாசி நிறுவனம் 1964 அறுவடையில் செய்த காம்போஃபியோரின் என்ற ஒயின்தான் இந்த முறையைச் சந்தையில் பிரபலமாக்கியது. அமரோனே விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கும். என்னைப் போன்ற குடும்பஸ்தர்களுக்கு இதுதான் அமரோனே.

பழைய மாணவன்:

சாப்பாட்டோடா, சாப்பாட்டுக்குப் பிறகா என்கிற வழக்குக்கு ஒயினின் வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கில் பழத்தை உலர்த்திச் செய்த ஒயின் முதலில் இனிப்பு ஒயின்தான். கி.பி. 6ஆம் நூற்றாண்டில், இத்தாலியை ஆண்ட ஆஸ்ட்ரோகாத் மன்னர்களிடம் அமைச்சராக இருந்த காசியோடோரஸ், வெரோனாப் பக்கத்தில் உலர்ந்த திராட்சையில் செய்யும் ‘அசினாதிகம்’ என்ற ஒயினை அரண்மனைக்கு வாங்கச் சொல்லி எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அதன் வாரிசுதான் இப்போதுள்ள ரெச்சோட்டோ என்கிற இனிப்பு ஒயின்.

ரெச்சோட்டோவில் புளிப்பதைப் பாதியில் நிறுத்துவார்கள், சர்க்கரை மிஞ்சும். நிறுத்தத் தவறினால் சர்க்கரை எல்லாம் கரைந்து, இனிப்பில்லாத, உக்கிரமான ஒயின் ஆகிவிடும். 1936இல் நெக்ரார் கூட்டுறவுக் கிடங்கில் மறந்துபோன ஒரு பீப்பாயைத் திறந்தபோது கிடங்குத் தலைவர் அதைச் சுவைத்துப் பாராட்டினார் என்ற கதையை அங்கே போகிற எல்லோருக்கும் சொல்வார்கள். கடைச்சரக்காக அது பரவியது 1950களில்தான். 1968இல் சட்டப் பாதுகாப்பு வந்தபோதும் ‘ரெச்சோட்டோ அமரோனே’ என்று ஒட்டுப்பெயராகத்தான் இருந்தது. இத்தாலிய ஒயின்களுக்கான மிக உயர்ந்த சட்டத் தகுதி 2010இல்தான் கிடைத்தது.

இனிப்பு ஒயினின் வயிற்றில் பிறந்த பிள்ளை என்பதால்தான் சீஸோடு அப்படி ஒட்டிக்கொள்கிறது. நாவுக்கரசி அக்கா பக்கம் என் ஓட்டு.

கரிச்சட்டி:

வரலாறு முடிந்ததென்றால் சாப்பாட்டுக்கு வரலாம். மிளகாய் கூடாது, சரி. மிளகு?

வெரோனா வாசி:

நல்ல கேள்வி. அளவோடு ஆகும். மிளகும் உறைக்கத்தான் செய்யும். ஆனால் மிளகாய் அளவுக்கு வாயில் தங்கி எரிக்காது. வெரோனாவில் பல வகை இறைச்சியை வேகவைத்துத் தருகிற போல்லிதோவுக்குப் பெஅரா என்று ஒரு குழம்பு ஊற்றுவார்கள். காய்ந்த ரொட்டித்தூள், நல்லி எலும்பின் மஜ்ஜை, இறைச்சிச் சாறு, கைநிறைய மிளகுத்தூள். மண்சட்டியில் மணிக்கணக்காகச் சிறுதீயில் கிடக்கும். வாசனை வந்தால் எந்த நல்ல தமிழனும் எழுந்து உட்காருவான். அதற்கு நான் அமரோனேவைவிட ரிபாஸ்ஸோவைத்தான் ஊற்றுவேன். இந்த இடத்தில் அக்கா சொல்வதை ஏற்கிறேன்.

இன்னொன்று, நம் கைக்குப் பழகிய மணம் உள்ள உணவு: பஸ்தீசாதா. குதிரை இறைச்சியை வெங்காயம், காரட், செலரி, பிரிஞ்சி இலை, கிராம்பு, பட்டை சேர்த்து ஒயினில் ஊறவைத்து, பிறகு குழைய வேக வைப்பது. கி.பி. 489இல் வெரோனாவுக்கு வெளியே ஆஸ்ட்ரோகாத் மன்னர் தியோடோரிக்கும் அப்போது இத்தாலியை ஆண்ட ஓடோவாக்கரும் மோதிய போரில் செத்த குதிரைகளை ஊர்மக்கள் ஒயினில் போட்டுப் பதப்படுத்தியதில் தொடங்கியது என்பார்கள். போர் நடந்தது உண்மை. சமையல் கதை ஊர் வழக்கு. குதிரை வேண்டாம் என்றால் மாட்டிறைச்சியில் செய்பவர்களும் உண்டு. மலைச்சாரல் ஆட்டுக்கறியில் செய்யலாம். கிராம்பும் பட்டையும் இருக்கின்றன. மிளகாயும் தக்காளியும் இல்லை. நம்மவர்களுக்குப் பிரியாணிச் சட்டியைத் திறந்த மணம் வரும். இத்தாலியர்களுக்கு அவர்கள் பாட்டி வீட்டு மணம்.

மலைச்சாரல்:

அருமை. ஆட்டுத்தொடைக்கு மனைவி சம்மதித்துவிட்டார். சைவ நண்பருக்கு என்ன வழி? அவர் ஒயின் குடிப்பார். கறிச்சாறு, முட்டை எதுவும் தொடமாட்டார்.

நாவுக்கரசி:

அமரோனே ரிசொட்டோ, அதாவது ஒயினும் சாறும் ஊற்றிக் கிளறி வேக வைக்கிற அரிசி உணவு. அதையே எல்லோருக்கும் முதல் தட்டாக வைத்துவிடுங்கள். வெரோனாவில் பிரசித்தமான உணவு, செய்முறையும் சிக்கலானதில்லை.

அரிசி முக்கியம். வெரோனாவுக்குத் தெற்கே இசோலா தெல்லா ஸ்காலாவைச் சுற்றி விளையும் வியாலோனே நானோ வகையை வாங்குங்கள். குட்டையான, உருண்டையான அரிசி. சாற்றை நன்றாக உறிஞ்சும். கழுவக் கூடாது. நம் வீட்டுப் பழக்கத்தில் கை தானாகக் குழாயடிக்குப் போகும், தடுத்துக்கொள்ளுங்கள். கழுவினால் மாவுச்சத்து போய்விடும், ரிசொட்டோவுக்கு அந்த வழவழப்பே வராது.

வெண்ணெயில் பொடியாக நறுக்கிய வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, அரிசியைப் போட்டு, கையால் தொட்டால் சுடுகிற வரை வறுங்கள். ஒயினைத் தனியே சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். முதல் கரண்டி விழுந்ததும் சீறும். அரிசி ஓரங்களில் ஊதா நிறம் ஏறும். சாராய நெடி போகிற வரை பொறுத்து, அப்புறம் கொதிக்கிற காய்கறிச் சாற்றைக் கரண்டி கரண்டியாகச் சேர்க்க வேண்டும். பதினெட்டு நிமிடத்தை ஒட்டி அரிசியின் நடுவில் சிறு கடிப்பு மட்டும் மிஞ்சியிருக்கும்போது அடுப்பை அணைத்து, குளிர்ந்த வெண்ணெயும் துருவிய சீஸும் போட்டு வேகமாகக் கிளறுங்கள். தட்டைச் சாய்த்தால் அலையாக நகர வேண்டும். குவியலாக நின்றால் அது பொங்கல்.

ஒரு எச்சரிக்கை: பார்மிஜானோவில் பால் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளைத்தான் சேர்க்கிறார்கள். கறிச்சாறே ஆகாது என்பவர் இதையும் ஒதுக்கக்கூடும். அவரிடமே கேட்டுவிடுங்கள். தாவர உறைபொருளில் செய்த கெட்டி சீஸ் பெரிய கடைகளில் கிடைக்கும்.

கணக்குப்பிள்ளை:

30 யூரோ ஒயினைச் சட்டியில் ஊற்றிச் சாராய நெடியைப் போகச் சொல்கிறீர்களா? நெஞ்சு வலிக்கிறது அக்கா.

நாவுக்கரசி:

ரிபாஸ்ஸோ ஊற்றுங்கள். கோப்பையில் அமரோனே, சட்டியில் ரிபாஸ்ஸோ. கண்ணை மூடிக்கொண்டு வித்தியாசம் சொல்கிறவர் வந்தால் நான் அவருக்குச் சமைத்துப் போடுகிறேன்.

வெரோனா வாசி:

சொல்லலாம் அக்கா. உலர்ந்த பழத்தின் அந்த ஆழம் ரிபாஸ்ஸோ ரிசொட்டோவில் பாதிதான் வரும். ஆனால் கணக்குப்பிள்ளையின் நெஞ்சை நினைத்து விட்டுவிடுகிறேன்.

வண்ணத்துப்பூச்சி:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அமரோனேவுக்குக் கறுப்பு சாக்லேட் சரியான ஜோடி என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறதே, இங்கே யாருமே சொல்லவில்லையே?

நாவுக்கரசி:

வேண்டுமென்றுதான் சொல்லவில்லை. சாக்லேட்டில் இருக்கும் சர்க்கரை, இனிப்பில்லாத ஒயினை வறட்டிவிடும். கோகோவின் கசப்பும் ஒயினின் துவர்ப்பும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். சாக்லேட் வேண்டுமென்றால் ரெச்சோட்டோவைத் திறங்கள். ஒயினைவிட இனிப்பான பண்டத்தை ஒயினோடு வைக்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வெரோனாவின் பான்தோரோ கேக்குக்கும் அதே ரெச்சோட்டோதான்.

பழைய மாணவன்:

கசப்பு அதிகமான, சர்க்கரை குறைந்த சாக்லேட்டை அமரோனேவோடு சாப்பிட்டு எனக்குப் பிடித்திருக்கிறது. அக்கா என்னை மன்றத்திலிருந்து நீக்கினாலும் பரவாயில்லை.

மலைச்சாரல்:

எல்லாவற்றையும் கேட்டு இப்படி முடிவு செய்திருக்கிறோம். முதலில் ரிசொட்டோ, சட்டியில் ரிபாஸ்ஸோ, காய்கறிச் சாறு. கோப்பையிலும் அப்போது ரிபாஸ்ஸோவே. அடுத்து ஆட்டுத்தொடை பஸ்தீசாதா, பொலென்டா. சைவ நண்பருக்கு அதே பொலென்டாவோடு வெண்ணெயில் வதக்கிய போர்சினிக் காளான். இந்த இடத்தில் அமரோனே திறக்கிறோம். கோப்பையில் மிஞ்சியதைக் கையில் வைத்துக்கொண்டு கடைசியில் சீஸ். அக்காவும் வெரோனா வாசியும் ஆளுக்குப் பாதி வென்றதாக வைத்துக்கொள்ளுங்கள். சுக்காவை ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மட்டும் சாப்பிடுவோம்.

எப்போது திறக்க வேண்டும்? குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாமா?

வெரோனா வாசி:

2016 நல்ல ஆண்டு. ஒயின் இன்னும் இறுக்கமாக இருக்கலாம். பரிமாறுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் திறந்து, வாய் அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வையுங்கள். தக்கையை மட்டும் எடுத்துவிட்டுப் பாட்டிலை மேசையில் நிறுத்தினால் பயன் அதிகமில்லை. கழுத்து வழியே எவ்வளவு காற்று போய்விடும்? அடியில் வண்டல் இருந்தால் கடைசி இரண்டு விரற்கடை ஒயினைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.

சூடு 18 டிகிரி. ‘அறை வெப்பநிலை’ என்று எழுதியிருப்பது பழைய ஐரோப்பியக் கல்வீடுகளின் அறை. பதோவாவில் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடுகிற உங்கள் வீட்டில் 22 இருக்கும். சென்னையில் இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் 32. சூடு ஏறினால் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும். திறப்பதற்கு முன் இருபது நிமிடம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுங்கள். சென்னையில் இருப்பவர்கள் முக்கால் மணி நேரம் வைக்கலாம். கோப்பை பெரிதாக இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்குக்குமேல் நிரப்ப வேண்டாம். ஆறு பேரோடு நீங்கள் இருவர், மொத்தம் எட்டு. ஒரு பாட்டிலில் ஆளுக்கு 90 மில்லிக்குச் சற்றுக் கூடுதலாக வரும். இந்த ஒயினுக்கு அது போதும். யார் வண்டி ஓட்டி வருகிறார் என்று மட்டும் முன்பே கேட்டு வையுங்கள்.

கரிச்சட்டி:

இரண்டாவது பாட்டில்? அதைப் பற்றி யாருமே பேசவில்லை. என் முகவரி இன்னும் மாறவில்லை.

கணக்குப்பிள்ளை:

நல்ல ஆண்டு, நல்ல தயாரிப்பாளர் என்றால் அறுவடையிலிருந்து இருபது ஆண்டு தாங்கும். ஆனால் வெயில் படாத, 12 முதல் 15 டிகிரிக்குள் நிற்கிற இடம் வேண்டும். பாட்டிலைப் படுக்க வைத்தால்தான் தக்கை காயாமல் இருக்கும். வாடகை வீட்டின் சமையலறை அலமாரியில் இருபது ஆண்டு வைக்காதீர்கள், கெட்டுப்போகும். நிலவறை இல்லையென்றால் நாலைந்து ஆண்டுக்குள் குடித்துவிடுங்கள். கரிச்சட்டிக்கு வேண்டுமானால் காலிப் பாட்டிலை அனுப்பலாம்.